அன்புக்கரசியின் ரணகள்ளி

ரணகள்ளி வளக்கறதுக்கு ஒரு சாமர்த்தியமும் வேண்டியதில்லீங்க மேடம். தடிச்ச எலையா ஒண்ணு பறிச்சு ஈரமண்ணு மேல போட்டாப் போதும். பத்துப் பதினஞ்சு நாள்ல எலை ஓரத்துல இருக்கற ஒவ்வொரு பள்ளத்துலயும் வெள்ளையா ஒரு புள்ளி வரும். அப்புறம் வேரு, அப்புறம் ரெண்டு குட்டி எலை. மண்ணு இல்லாட்டியும் நூல்ல கட்டிச் செவுத்துல தொங்கவுட்டா வந்துரும். தண்ணி எச்சாப் போனாத்தான் அழுகும். இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா விசயம் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

நீங்க எழுதிக்கிட்டே கேளுங்க. வேகமாப் பேசுனாச் சொல்லுங்க, நிறுத்திக்கறேன். பேரு சென்னகிருஷ்ணன். சரவணம்பட்டியில ஒரு பம்புசெட்டுக் கம்பெனியில மோட்டாருக்குக் காயில் கட்டறேன். பதினொரு வருசமா அதே வேலைதான். நூலாட்டம் கம்பியைச் சுத்தோணும், ஒரு சுத்து பிசகுனாலும் மோட்டார் எரிஞ்சுபோகும். எங்கையி நடுங்காதுங்க. குடி கிடையாது, பீடி கிடையாது. சம்சாரத்தை ஒருநாளும் அடிச்சதில்லை. வெளியில பெஞ்சுலதான் உக்காந்திருக்கறா, வேணும்னா அவளையே கேட்டுப் பாருங்க.

அன்புக்கரசியைக் கட்டி ஆறு வருசமாச்சு. குழந்தை இல்லை. எந்த விசேசத்துக்குப் போனாலும் ஒறம்பரை சொந்தக்காரங்க அவ வயித்தைப் பாத்துட்டுத்தான் மூஞ்சியைப் பாப்பாங்க. தொண்ணூத்திநாலு ஐப்பசியில ரெண்டு பேரும் டவுனுக்குப் போயி டெஸ்ட் எடுத்தோம். ரிசல்ட் வாங்க நான் மட்டும் லீவு போட்டுட்டுப் போனேன். அவளுக்கு ஒரு குறையும் இல்லைன்னு டாக்டரு சொன்னாரு. குறை என்கிட்டத்தான்னாரு. காகிதத்தை நாலா மடிச்சுச் சட்டைப்பையில வெச்சுட்டு பஸ் ஏறுனேன்.

எங்க கம்பெனியில பங்காருன்னு ஒருத்தரு இருக்கறாருங்க. அவருக்கும் குழந்தை இல்லை. சோத்து நேரத்துல அவரைப் பத்தி என்னென்ன பேசுவாங்கன்னு ஒரு பொம்பளைகிட்டச் சொல்ல முடியாது. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சிருக்கறேன். அந்தச் சிரிப்பு என்னைப் பாத்துத் திரும்புனா நான் எங்க போறது? பஸ்ஸு கணபதி ஸ்டாப் தாண்டறதுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். ஊட்டுக்கு வந்து, "உனக்குத்தான் கர்ப்பப்பை கொஞ்சம் பலவீனமாமா, போகப்போகச் சரியாயிருமாமா"ன்னு சொன்னேன். தன்மையாத்தான் சொன்னேன். அவ அழுதா. பக்கத்துல உக்காந்து தேத்துனேன்.

அதோட முடிஞ்சிருக்கோணும். பக்கத்து ஊட்டு சாஜிதா பேகம் வுடலை. நல்ல பொம்பளைதான், நாலு குழந்தைங்க, அன்பு மேல உசுரா இருப்பாங்க. "ஒரு டாக்டர் சொல்லிட்டா ஆச்சா அன்பு? எனக்குத் தெரிஞ்ச லேடி டாக்டர் ஒருத்தங்க இருக்காங்க, ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க"ன்னு வாரத்துக்கு ஒருதடவை ஓதுவாங்க. நானும் வேலை இருக்குது, லீவு இல்லைன்னு தட்டிக்கழிச்சுட்டே வந்தேன்.

அடுத்த தை மாசம் அவங்க ஒரு ரணகள்ளி எலையைக் கொண்டாந்து கொடுத்தாங்க. எங்களுது லைன் ஊடுங்க, சுத்தியும் சிமெண்டு, கைப்பிடி மண்ணு கிடையாது. அன்பு எங்கியோ போயி செம்மண்ணும் மணலும் கொண்டாந்து ஒரு பெயிண்ட் டப்பாவுல கலந்து, ஊட்டுக்குள்ள சன்னல் கட்டையில வெச்சா. எலையை அதும்மேல போட்டுட்டு என்னைக் கூப்புட்டா.

"ஏனுங்க, நான் ஒண்ணு மனசுல நெனச்சிருக்கறேன். இது எங்கையில மொளைச்சா நாம அந்த லேடி டாக்டர்கிட்டப் போலாம். மொளைக்கலைன்னா என் தலையெழுத்துன்னு இருந்துக்கறேன். அதுக்கப்புறம் உங்களைத் தொந்தரவு பண்ணமாட்டேன்."

சரின்னுட்டேன். ஒரு எலை மண்ணுல கெடந்தா வாடும், அழுகும், வேற என்ன ஆகும்னு நெனச்சேன். எனக்கு என்ன தெரியும், நான் மோட்டார்காரன்.

பத்தாவது நாள் காலையில அவ சன்னலுக்கிட்ட நின்னு சத்தம் போட்டா. "இங்க வாங்க, சீக்கிரம் வாங்க. கடுகாட்டம் ஒண்ணு வந்திருக்குது பாருங்க." போயிப் பாத்தேன். வந்திருந்துச்சு. கம்பெனியில அன்னிக்கு ரெண்டு காயில் தப்பாக் கட்டுனேன்.

மறுநாள் விடிகாலம் அவ குழாயடிக்குத் தண்ணி புடிக்கப் போயிருந்தா. நகவெட்டியை எடுத்து அந்தப் புள்ளியை மட்டும் கிள்ளுனேன். எலையில கீறல் வுழாம, சுத்தமா. அவ வந்து பாத்துட்டு எறும்பு தின்னுபோட்டுதுன்னு சொல்லி டப்பாவைச் சுத்தி மஞ்சப்பொடி போட்டா. நான் சந்தோசமாக் கம்பெனிக்குப் போனேன்.

மூணு நாள் கழிச்சு அடுத்த பள்ளத்துல ஒண்ணு. அதைக் கிள்ளுனா எதுத்த பக்கம் ரெண்டு. அன்னிலிருந்து அதுதாங்க என் பொழப்பு. அவ குழாயடிக்குப் போற நேரம், குளிக்கப் போற நேரம், கடைக்குப் போற நேரம் எல்லாம் நான் எலையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டிருப்பேன். ஊருக்குப் போனா நிம்மதி இல்லை. ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு அந்த எலைக்காகவே பந்தியில உக்காராம வந்திருக்கறேன். சனியன் புடிச்ச செடிங்க அது. தண்ணி ஊத்தலைன்னாலும் வருது, வெயில் இல்லைன்னாலும் வருது. ஒரு மனுசனுக்கு ஒரு குழந்தைக்கு வழியில்லை, இந்தத் தடிச்ச எலைக்கு மட்டும் இருவது. எனக்கு ஆத்திரமா வந்துச்சு.

ரெண்டு மாசத்துல அந்த எலை காஞ்சுபோச்சு. சாஜிதாம்மா இன்னொண்ணு கொடுத்தாங்க. அதுவும் காஞ்சுது. மூணாவது, நாலாவது. அன்பு டப்பாவை மாத்துனா, மண்ணை மாத்துனா, அடுக்களைச் சன்னல்ல வெச்சா, சாமி மாடத்துல வெச்சா. எங்க வெச்சாலும் நான் தேடிப்போயி முடிச்சுட்டு வந்துருவேன். சாஜிதாம்மா ஊட்டுல அதே செடி அரிசி டப்பாவுக்குப் பின்னாடி, மண்ணே இல்லாம, ஒரு கொத்துக் குட்டியோட கெடந்துச்சாம். அதை அன்பு வந்து என்கிட்டச் சொன்னா. சொல்லிட்டு ரெண்டு கையையும் விரிச்சுப் பாத்துட்டே உக்காந்திருந்தா.

"எங்கையில ராசி இல்லீங்க"ன்னா.

"அப்படியெல்லாம் நெனைக்காத அம்மணி"ன்னு சொன்னேன். நான் சொன்னதை அவ நம்பலை. கண்ணால பாக்கறதை நம்புவாளா, நான் சொல்றதை நம்புவாளா?

அதுக்கப்புறம் கொஞ்சங் கொஞ்சமா அடங்கிட்டா. எதிர்வூட்டு ராசாத்தாள் மகளுக்கு வளைகாப்பு, கூப்புட்டிருந்தாங்க. போயி வாசல்லயே நின்னுட்டு வந்துட்டா, வளையல் போடலை. "எங்கை படவேண்டாங்க்கா"ன்னு சொன்னாளாம். சாஜிதாம்மாவோட கைக்குழந்தையைக்கூட வாங்கமாட்டா. அஞ்சாவது எலையைச் செவுத்துக் காலண்டர் ஆணியில நூல் கட்டித் தொங்கவுட்டா, ரெண்டு வாரம் அண்ணாந்து பாத்தா, அதையும் நான் வுடலை, அப்புறம் பாக்கறதையும் வுட்டுட்டா. லேடி டாக்டர் பேச்சே இல்லை. ஊடு அமைதியாச்சு. தீவாளிக்கு நல்லதா ஒரு சேலை எடுத்துக் கொடுத்தேன், அன்னிக்குத்தான் ஒரு வருசத்துக்கப்புறம் நிம்மதியாத் தூங்குனேன்.

புது வருசம் பொறந்ததும் நான்தான் அதே ஆணியில புதுக் காலண்டரை மாட்டுனேன். பழசையும் அதுல தொங்குன எலையையும் எடுக்காம அதும்மேலயே மாட்டிப்போட்டேன். அந்த ஒரு சோம்பேறித்தனத்துக்கு இன்னிக்கும் என்னையே திட்டிக்கறேன்.

பங்குனியில அவ ஒட்டடை அடிக்கறப்ப ரெண்டு காலண்டரையும் கழட்டியிருக்கறா. நான் கம்பெனி வுட்டு வந்தா, தரையில உக்காந்து மடியில அந்த எலையை வெச்சுட்டிருக்கறா. எலை பாதி சுருங்கிப்போயிருந்துச்சு. ஓரத்துல ஏழு குட்டி. ஒவ்வொண்ணுக்கும் மயிராட்டம் வேரு. அழுதுட்டே சிரிச்சா.

"நான் ஒண்ணுமே பண்ணலீங்க. தானா வந்திருக்குது. அப்புறம் இன்னொண்ணு சொல்லோணும். எனக்கு நாள் தள்ளிப்போயி நாப்பது நாளாச்சு."

சிரிச்சேன். வேற என்ன பண்றது? சக்கரை வாங்கிட்டு வாரேன்னு வெளியில போயி, பஸ் ஸ்டாப்புல ஒரு மணிநேரம் நின்னேன்.

என் நெலமையை ரோசிச்சுப் பாருங்க மேடம். குறை எனக்குன்னு காகிதத்துல இருக்குது. அப்படின்னா அது யாருது? அவளைக் கேட்டா, "ஏன் சந்தேகப்படறீங்க"ம்பா. அதுக்கு நான் காகிதத்தைக் காட்டோணும். காகிதத்தைக் காட்டுனா, காஞ்ச எலையெல்லாம் என்ன ஆச்சுன்னும் சொல்லோணும். ஒலகத்துல எந்தப் புருசனும் வாயைத் தொறந்து கேக்கலாம், நான் மட்டும் கேக்க முடியாது. கேஸ் கொண்டாரவன், பால்காரன், கேபிள் டிவிக்காரன்னு எல்லாரு மூஞ்சியையும் மொறைச்சு மொறைச்சுப் பாத்தேன். ஒருத்தனும் தலை குனியலை. அன்பு பாட்டுக்கு ஏழு டப்பாவுல ஏழு குட்டியை நட்டு, ஊடு முச்சூடும் வெச்சுட்டுப் பாட்டுப் பாடிட்டிருந்தா. அந்தப் பாட்டைக் கேக்கக் கேக்க எனக்கு எரிஞ்சுது.

வெள்ளகோவில்ல கருவுக்கு நாட்டு மருந்து கொடுக்கற ஒரு ஆள் இருக்கறாருன்னு கேள்விப்பட்டிருந்தேன். லீவு போட்டுட்டுப் போனேன். எம் பொண்டாட்டிக்கு ஒடம்பு தாங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாருன்னு பொய் சொன்னேன். அவரு எதையும் கேக்கலை, ஒரு பொட்டலம் கொடுத்தாரு. அன்னிக்குப் பொழுது சாய நானே பால் காச்சி, கல்கண்டு போட்டு, அதுல கலந்து கொடுத்தேன். டம்ளரை வாங்கிட்டு என்னைப் பாத்துச் சிரிச்சா. "உங்க கையால ஒரு டம்ளர் பால் குடிக்க ஆறு வருசம் ஆச்சுங்களா எனக்கு"ன்னா. கசக்குதுன்னு சொல்லிட்டே முழுசும் குடிச்சா. நான் கொடுத்ததுன்னு ஒரு சொட்டு மிச்சம் வெக்கலை.

முளைக்கறப்பவே எடுத்துட்டா வலி இருக்காதுன்னுதான் நெனச்சேன். எலைக்கு வலிச்ச மாதிரி தெரியலை.

ரெண்டாம் நாள் ரத்தம் நிக்கலை. நான்தான் ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன், அதையும் எழுதிக்கோங்க. உசுரைக் காப்பாத்தக் கர்ப்பப்பையை எடுக்கோணும்னாங்க. கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கலை. அவளுக்குக் குறைன்னு நான் சொன்னது பொய்யாத்தான் இருந்துச்சு, இப்ப அது பொய்யில்லைன்னு ஆயிருச்சு. அதுல எனக்கு ஒரு சின்ன ஆறுதல் இருந்ததை மறைக்க விரும்பலை.

கண்ணு முழிச்சதும் அவ என் கையைப் புடிச்சுக்கிட்டா. "எங்கையில எதுவும் நிக்காதுன்னு எனக்குத் தெரியுமுங்க. நீங்க வேற கல்யாணம் பண்ணிக்கோங்க"ன்னா. எனக்கு அழுகை வந்துருச்சு. அவ என் கண்ணைத் தொடச்சுவுட்டா.

அவளுக்கு மாத்துத்துணி எடுக்க ஊட்டுக்கு வந்தேன். எடுத்து வெச்சுட்டுக் கெளம்பியிருக்கலாம். சன்னல் கட்டையில ஏழு டப்பா வரிசையா நின்னுட்டிருந்துச்சு. குட்டிங்க விரல் ஒசரம் வந்திருச்சு, அதுல பெருசா இருந்த ரெண்டு எலையோட ஓரத்துல மறுபடியும் புள்ளி. இனி அதைக் கிள்ள வேண்டிய தேவையே இல்லைன்னு எனக்கே தெரியும். ஆனாலும் நகவெட்டியை எடுத்து உக்காந்துட்டேன். சாஜிதாம்மா ஊட்டைக் கூட்டிவுடலாம்னு வெளக்கமாத்தோட வந்து நின்னது எனக்குத் தெரியலை.

"என்ன பண்றீங்கண்ணே?"

"குட்டி எச்சாப் போச்சுங்க"ன்னேன்.

என் கையிலிருந்த டப்பாவை வாங்கி எலையை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாங்க. அன்பு கொண்டுபோயிக் காட்டுன காஞ்ச நாலு எலையிலயும் பள்ளத்துல இதே மாதிரி வெட்டு இருந்துச்சுன்னு அப்பத்தான் அவங்களுக்கு நெனப்பு வந்திருக்குது, எறும்பு அவ்வளவு நேரா வெட்டாது. "இது நீங்களாண்ணே?"ன்னு கேட்டாங்க. எனக்கும் அலுத்துப்போச்சுங்க. ஆமான்னுட்டேன். அவங்க நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி அன்புகிட்டச் சொல்லியிருக்கறாங்க. அன்பு, பாலு கசந்துச்சுக்கான்னு மட்டும் சொன்னாளாம். தையல் பிரிச்ச மறுநாளே ரெண்டு பேரும் உங்க ஸ்டேசனுக்கு வந்துட்டாங்க.

செஞ்சதெல்லாம் நான்தான். எலையைக் கிள்ளுனதும் நான், பால்ல கலந்ததும் நான். எங்க காட்டுனாலும் கையெழுத்துப் போடறேன்.

கடைசியா அந்தக் குழந்தை யாருதுன்னு கேட்டீங்க. என்னுது இல்லைங்க மேடம், எந்தக் கோயில்ல வேணும்னாலும் சத்தியம் பண்ணுவேன். ரிசல்ட் சொன்ன அன்னிக்கே அந்த டாக்டரு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாரு. ஆறு மாசம் மாத்திரை சாப்பிடுங்க, நெறையப் பேருக்குச் சரியாயிருக்குது, அப்புறம் வந்து மறுபடி டெஸ்ட் எடுங்கன்னாரு. அன்புக்குத் தெரியாம கம்பெனியில வெச்சு டீயோட சாப்பிடுவேன். ஆறு மாசம் முடிஞ்சும் நிறுத்தலை, அந்தச் சீட்டைக் காட்டியே வாங்கி, அவ நாள் தள்ளிப்போச்சுன்னு சொன்ன அன்னிக்குக் காலையில வரைக்கும் ஒருநாள் தவறாமச் சாப்பிட்டேன். டெஸ்ட்டுக்குத்தாங்க போகலை. போனா மறுபடியும் இல்லைன்னு சொல்லிப்போடுவாங்களோன்னு வெசனம்.