ஆறாம் கட்டில்

புதுப் பயிற்சிக்கூடத்தின் சுவர்களுக்கு வெளிர்நீலம் அடிக்கலாம் என்று சொன்னது நான்தான் ஐயா. வெள்ளை என்றால் கண் கூசும்.

இருபத்திரண்டு வருஷமாக நர்சிங் மாணவிகளுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். முன்பெல்லாம் ஒரே அறை, இரண்டு கட்டில், கை கழன்று விழும் ஒரு பொம்மை. போன வருஷம்தான் நிர்வாகம் மனது வைத்து ஒரு மாடி முழுவதையும் ஒதுக்கிக் கொடுத்தது. பன்னிரண்டு கட்டில்கள், மூச்சு விடும் பொம்மைகள், சுவரோடு ஆக்ஸிஜன் குழாய். திறந்த அன்று மாணவிகளைவிட நான்தான் பூரித்துப்போனேன்.

ஆனால் பொம்மை பொம்மைதான். எத்தனை தடவை தப்பாகக் குத்தினாலும் அதற்கு வலிக்காது. வலிக்காத உடம்பில் பழகிய கை, வார்டுக்குப் போனதும் நடுங்கும். ஆசிரியர்கள் கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னேன். காது கொடுத்துக் கேட்க ஆளில்லை.

என் அண்ணனுக்கு மூன்று வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போயின. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. அவரைத் தூக்கித் திருப்பியே அண்ணிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. பகலில் கல்லூரிக்கு அழைத்துப்போகிறேன், பயிற்சி கொடுத்தால் கை கால் திரும்ப வரும் என்றேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“நீ இருக்கிறதாலதாம்மா நான் உசுரோட இருக்கேன்.”

பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. பயிற்சி நடக்கத்தான் செய்தது. யாருக்கு என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

ஆறாம் கட்டிலில் அண்ணனைப் படுக்கவைத்தோம். அவராக விரும்பி வந்திருக்கிறார் என்று மாணவிகளிடம் சொன்னேன். முதல் வாரம் இரத்த அழுத்தம் பார்த்தார்கள், உடம்பு துடைத்துவிட்டார்கள். அடுத்தது ஊசி. நாற்பது மாணவிகள் என்றால் நாற்பது ஊசி. உள்ளே போனது வெறும் உப்புநீர்தான். பிறகு சிறுநீர்க் குழாய். அதன் பிறகு மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய். தோளெல்லாம் ஏன் கன்றிப்போயிருக்கிறது என்று அண்ணி கேட்டார். வைத்தியம் என்றேன். காலையில் கல்லூரி வண்டி வந்து நின்றதும் அண்ணன் இடது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொள்வார். ஒவ்வொரு விரலாக எடுத்துவிடுவேன். சின்ன வயதிலிருந்தே அவர் பிடிவாதக்காரர்.

ஒருநாள் ஒரு பெண் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள்.

“மேடம், அவர் கையை ஆட்டிக்கிட்டே இருக்காரு. வேண்டாம்னு சொல்ற மாதிரி இருக்கு.”

“அது நரம்புத் துடிப்பு. நீ செய்.”

மறுநாளிலிருந்து அந்தக் கையை மெத்தென்ற துணியால் கட்டிலோடு கட்டிவைத்தேன். காயம் படாதபடிதான்.

கடைசி நாளும் அதே பெண்தான். கெட்டிக்காரி, ஆனால் கொஞ்சம் அவசரக்காரி. குழாய் வயிற்றுக்குள்தான் போயிருக்கிறதா என்று பார்க்காமலே பாலை ஊற்ற ஆரம்பித்தாள். அண்ணன் இருமினார். உதடு நீலம் பாய்ந்தது. குழாய் நுரையீரலுக்குள் போயிருந்தது. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் நின்றேன். ஆனால் நான் சொல்லிவிட்டால் அவள் எப்போது கற்றுக்கொள்வது? தானே கண்டுபிடிக்கட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்தேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நிமிஷம் ஆனது. மூச்சு நின்ற பிறகுதான் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

தான்தான் கொன்றுவிட்டோம் என்று அந்தப் பெண் சாப்பிடாமல் கிடக்கிறாளாம். அவளை விட்டுவிடுங்கள் ஐயா. குழாயைப் போட்டது அவள், உயிரை எடுத்தது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பயிற்சிக்கூடத்தை மட்டும் இழுத்து மூடிவிடாதீர்கள். அன்றைக்கு அந்த வகுப்பில் இருந்தவர்களில் ஒருத்திகூட ஆயுசுக்கும் அந்தத் தவறைச் செய்யமாட்டாள். அண்ணனுக்குப் பேச்சு வந்திருந்தால் அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார்.