இடது காலின் மேல் பழி

அமீர்பேட்டில் மெட்ரோ ஏறியபோது, எதிர் இருக்கையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த பெண் தன் தோழியிடம் தமிழில் சொன்னாள்: "கார் கியர்பாக்ஸ் போனதுக்கு என் இடது கால்தான் காரணமாம்."

"யாருடி சொன்னது?"

"சர்வீஸ் சென்டர் மேனேஜர். ரெண்டு காலையும் வச்சு பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து மிதிச்சிருக்கேனாம். வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகல, ஆனா வாரண்டி கிடையாதாம்."

"போலியோ வந்த கால்னு சொல்ல வேண்டியதுதானே? கிளட்ச் மிதிக்க முடியாதுன்னுதானே ஆட்டோமேட்டிக்கே வாங்கினே."

"சொன்னேன். எல்லார் முன்னாடியும் சல்வாரைத் தூக்கி, காலில் கட்டியிருக்கிற இரும்புப் பட்டையையும் காட்டினேன்."

"அப்புறம்?"

"ஸாரி மேடம்னார். ரிப்போர்ட்ல இடது காலுங்கிறதை அடிச்சிட்டு, வலது கால்னு எழுதினார்."