நியூஹேவன் – டியெப்: போக மட்டும்

நான் ஓடிக்கொண்டிருந்தேன். பிரான்சில், டியெப் துறைமுகத்தின் திருப்புப் பாலத்தை ஏதாவது படகுக்காகத் திறந்துவிட்டால் இந்தக் கரையிலேயே மாட்டிக்கொள்வேன். மாட்டிக்கொண்டால் மாலைக் கப்பல் போய்விடும். அடுத்த கப்பலுக்கு டிக்கெட்டை மாற்ற முப்பது பவுண்டு தண்டம். ஐம்பத்தேழு வயதில், தொப்பையோடு, இடது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி ஓடுவது சுலபமில்லை. ஆனால் முப்பது பவுண்டு யாருக்கும் சும்மா வருவதில்லை.

கையை ஏன் வெளியே எடுக்கவில்லை என்று இப்போது கேட்காதீர்கள். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நேற்று கொடுத்த வாக்குமூலத்தில் ஒரே ஓர் இடம் இடிக்கிறது என்றீர்கள், சார்ஜென்ட். அப்பாவின் மணிக்கட்டுப் பட்டை. பெயர், நோய், அவசரத்துக்கு என் தொலைபேசி எண் எல்லாம் பொறித்த எஃகுப் பட்டை. வீட்டிலேயே கழற்றிவிட்டேன் என்று நான் சொன்னேன். கப்பலில் அது அவர் கையில் இருந்ததாகக் கப்பல் காபிக் கடைக்காரி சொலாஞ் சொல்கிறாள். இரண்டில் ஒன்றுதான் உண்மை. சொல்கிறேன். ஆரம்பத்திலிருந்து வந்தால்தான் எனக்குச் சொல்ல வரும்.

நியூஹேவனில் எங்கள் தெருவிலிருந்து யார் பிரான்சுக்குப் போவதானாலும் ஏட்ரியன் டாப்செல் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத்தான் போவார்கள். டோவர் வழியா, நம்ம ஊர் வழியா, போர்ட்ஸ்மத் வழியா, எது மலிவு? நான் சொல்வேன். டோவரிலிருந்து கலேவுக்கு டிக்கெட் மலிவுதான். ஆனால் இங்கிருந்து டோவருக்குப் பெட்ரோல், விடிவதற்கு முன் எழுந்து கெட்ட தூக்கம், கலேயில் இறங்கித் தெற்கே ஓட்டும் தூரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள் என்பேன். போர்ட்ஸ்மத்தில் ஏறி சான் மாலோ போனால் இரவு தூங்கிக்கொண்டே போகலாம், ஆனால் கேபினுக்குத் தனிக் காசு. எல்லோரும் டிக்கெட்டின் விலையைப் பார்ப்பார்கள். நான் முழுப் பயணத்தின் விலையைப் பார்ப்பேன். வேலை போன பிறகு நான் பெருமைப்பட மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

அப்பா லெனர்ட் முப்பது வருஷம் நியூஹேவன் கப்பல் டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்தவர். போன வருஷம் பக்கவாதம் வந்தது. பேச்சு முழுக்கப் போயிற்று. வலது கையும் விழுந்துவிட்டது. நான்தான் குளிப்பாட்டினேன், ஊட்டினேன், படுக்கை மாற்றினேன். அவருக்கு எதுவும் புரியாது. இதை நேற்றே பலமுறை சொன்னேன், இல்லையா? எதுவும் புரியாது.

அக்டோபரில் கவுன்சிலிலிருந்து ஒரு அம்மா வந்தார். தேநீர் குடித்தார். ஒரு ஆள் பார்த்துக்கொள்ளும் நிலைமை இல்லை, முதியோர் விடுதிதான் வழி என்றார். விடுதிச் செலவுக்கு அப்பாவின் சொத்தைக் கணக்கெடுப்பார்கள். அப்பாவின் சொத்து என்றால் நான் குடியிருக்கும் வீடு.

"வீட்டுல அறுபது தாண்டுன சொந்தக்காரங்க குடியிருந்தா வீட்டைத் தொட மாட்டோம். உங்களுக்கு என்ன வயசு?"

"ஐம்பத்தேழு."

"அடடா," என்றார் அந்த அம்மா, உண்மையான வருத்தத்தோடு. இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

கார்லைலில் இருக்கும் ஹிலரி அக்காவுக்கு ஃபோன் செய்தேன்.

"வீடு போனாப் போகட்டும்டா. அப்பா கட்டுன வீடு, அப்பாவுக்கே செலவாகுது. உனக்கு என்ன நஷ்டம்?"

"நான் எங்க போவேன்?"

"ஏதாவது ஒரு ரூம் பார்த்துக்க. இல்ல, நீயே வெச்சுப் பார்த்துக்க. நாள் முழுக்கக் கப்பல் கட்டணம் பார்த்துக்கிட்டுச் சும்மாதானே உட்கார்ந்திருக்கே?"

அந்தச் 'சும்மா'வை நான் மறக்கவில்லை.

அன்று மாலை வழக்கம்போலக் கட்டணங்களைப் பார்க்க உட்கார்ந்தேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அப்பாவை ஒருநாள் கடல் கடந்து கூட்டிப் போகலாம், அவ்வளவுதான். டோவர் சரிப்படவில்லை. அங்கே காரில்லாமல் நடந்து ஏறுகிறவர்கள் கொஞ்சம் பேர், முகம் நினைவில் நிற்கும். கலேயில் திரும்பின பக்கமெல்லாம் ஆங்கிலேயர்கள். சான் மாலோ தூரம்தான், எனக்குப் பிடித்தும் இருந்தது, ஆனால் அப்பாவோடு ஒரு சின்னக் கேபினில் விடியும்வரை முகத்துக்கு முகம் இருக்க வேண்டும். கட்டுப்படியாகாது என்று தள்ளிவிட்டேன். கட்டணத்தைச் சொல்லவில்லை.

மிஞ்சியது நம்ம ஊர். நியூஹேவனில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் டியெப். நவம்பரில் கூட்டம் கிடையாது, கட்டணமும் குறைவு. எனக்கு அன்றே போய்வரும் டிக்கெட். அப்பாவுக்குப் போக மட்டும்.

இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்தேன். ஒரே பதிவில் இரண்டு பேர் இருந்தால் திரும்பும்போது பட்டியலில் ஒரு பெயர் தனியாக நிற்கும்.

அப்பா அக்காவிடம் போய்விட்டார் என்று கவுன்சிலுக்குச் சொல்வது. விடுதியில் இருக்கிறார் என்று அக்காவுக்குச் சொல்வது. அக்கா தானாக யாருக்கும் ஃபோன் செய்கிறவள் இல்லை. பெயர் தெரியாத, பேச முடியாத ஒரு கிழவரைப் பிரெஞ்சுக்காரர்கள் தெருவில் விட்டுவிட மாட்டார்கள். நல்ல மருத்துவமனைகள், நல்ல சூப். எனக்கு அறுபது ஆனதும் போய்த் தேடி அழைத்து வந்துவிடுவது. மூன்று வருஷம்தானே. நான் அப்படித்தான் நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

சட்டை, கோட்டு, உள்ளாடை எல்லாவற்றிலும் கடையின் பெயர் தைத்த பட்டியைக் கத்தரித்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரத்துக்கான மாத்திரைகளைப் பெயரில்லாத டப்பாவில் போட்டு அவர் பையில் வைத்தேன். அந்த டப்பாவை வைத்தபோது நான் ஒரு நல்ல மகன் என்றுகூடத் தோன்றியது.

அந்தச் சனிக்கிழமை காலை, துறைமுகத்தில் டிக்கெட் பார்த்த பெண் இரண்டு தாள்களையும் மேஜைமேல் வைத்தாள். நான் எடுப்பதற்குள் அப்பா இடது கையால் எடுத்துக்கொண்டார். கண்ணருகே கொண்டுபோய், பழைய வழக்கப்படி, ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என் தாளை விரலால் இரண்டு தட்டு தட்டினார். தன்னுடையதை ஒரு தட்டு. அழகாக மடித்து என்னிடம் கொடுத்தார். ஜன்னல் வேலையின் பழக்கம், கை மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பலில் சொலாஞ் இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. காபிக் கடையில் நிற்கும் டியெப்காரி. அப்பாவின் காலத்து ஆட்கள் எல்லோரும் ஓய்வு பெற்றிருப்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் மேஜைக்கு வந்தாள்.

"அட, லென்! கண்ணாடிக் கூண்டை விட்டு வெளிய வந்துட்டீங்களா? உங்களுக்குக் கால் இருக்குன்னே இன்னிக்குத்தான் தெரியுது!"

அப்பா வாயின் இடது பக்கத்தால் சிரித்தார்.

"அவருக்குப் பேச்சு போயிடுச்சு," என்றேன். "எதுவும் புரியாது."

"யார் சொன்னது? சிரிக்கிறாரே!" என்னைப் பார்க்காமலே பேசினாள். "இந்த மனுஷன் என்ன பண்ணார் தெரியுமா? எங்கப்பா செத்த அன்னிக்கு, நேரமாச்சுன்னு ஜன்னலை மூடிட்டார். நான் அழுதுக்கிட்டே ஓடி வந்ததைப் பார்த்துட்டு மறுபடி திறந்து டிக்கெட் குடுத்தார். கூடவே லேட்டா வந்ததுக்குத் திட்டும் குடுத்தார். ரெண்டுக்கும் காசு வாங்கல." அவர் கையைப் பிடித்துத் தூக்கினாள். "இது என்ன, வளையலா? எந்தப் பொண்ணு போட்டுவிட்டா? சொல்லுங்க லென், நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அப்போதுதான் அந்தப் பட்டையைக் கவனித்தேன். தினமும் சோப்புப் போட்டுக் கழுவுகிற கை. கடைப்பட்டி ஒன்றுவிடாமல் கத்தரித்தவன் அதை மறந்திருந்தேன்.

"எத்தனை நாள் தங்குறீங்க, ஏட்ரியன்?"

"இன்னிக்கே திரும்பறோம்," என்றேன். பன்மையில்.

சொலாஞ் பார்த்துவிட்டாள், திட்டம் அதோடு முடிந்தது. அறிவுள்ளவன் அப்பாவோடு சந்தையைச் சுற்றிவிட்டு, மாலையில் அவருக்கும் ஒரு டிக்கெட் வாங்கித் திரும்பியிருப்பான். நானும் அதை யோசித்தேன். புறப்படுகிற அன்றே வாங்கினால் விலை இரட்டிப்பு. சார்ஜென்ட், மற்றதையெல்லாம் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். இதை மட்டும் மேஜையைப் பார்த்துச் சொல்கிறேன். விலை இரட்டிப்பு என்பதும் ஒரு காரணம்.

டியெப்பில் சனிக்கிழமைச் சந்தை முடிந்து கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தேவாலயத்துக்கு எதிரே ஒரு பெஞ்சில் அவரை உட்காரவைத்தேன். சூடாகச் சாக்லேட் வாங்கி இடது கையில் கொடுத்தேன். ஆப்பிள் வைத்த ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டினேன். கழுத்துத் துணியைச் சரிசெய்தேன். அவருடைய பாஸ்போர்ட் என் பையில் இருந்தது. பிறகு நான் ஓடினேன். பாலம் மூடித்தான் இருந்தது. கப்பலைப் பிடித்துவிட்டேன்.

அதே கப்பல், அதே சொலாஞ்.

"லென் எங்க?"

"அக்கா வீட்டுல விட்டுட்டு வர்றேன். டியெப்புல."

"ஹிலரியா? அவ கார்லைல்ல இல்ல இருந்தா? உங்கப்பா ஜன்னல்ல அவ படம் ஒட்டி வெச்சு, வர்றவங்ககிட்டல்லாம் 'என் பொண்ணு கார்லைல்ல டீச்சர்'னு சொல்லுவாரே."

"மாறிட்டா."

அவள் காபியை வைத்துவிட்டுப் போனாள். காசு வாங்கவில்லை. கப்பலில் வேறு யாருக்கும் அவள் காசு வாங்காமல் கொடுத்து நான் பார்க்கவில்லை. மறுநாள் டியெப்பில் இறங்கியதும் மருத்துவமனைக்குப் போய் விசாரித்திருக்கிறாள். மழையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவரை இரவே கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

அவரை அழைத்துவர ஆள் அனுப்புவதாக இருந்தால் செவ்வாய்க்கிழமைக் காலைக் கப்பல் மலிவு. மன்னித்துக்கொள்ளுங்கள். வாய்ப் பழக்கம்.

மருத்துவமனையில் என் படத்தைக் காட்டினார்களாம். அப்பா தெரியாது என்று தலையை ஆட்டினாராம். மறுபடி காட்டியும் அதேதானாம். "பாவம், பெத்த பிள்ளையையே மறந்துட்டார்," என்று நேற்று நீங்கள் சொன்னபோது நான் ஆமாம் என்றேன். எதுவும் புரியாது என்று நானும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன். ராத்திரி கொஞ்சம் தூங்கக்கூட முடிந்தது.

காலையில் மறுபடி பட்டையைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

அதை நான் வீட்டில் கழற்றவில்லை. கப்பலிலும் கழற்றவில்லை. சொலாஞ் போன பிறகு எவ்வளவோ நேரம் இருந்தது. விட்டுவிட்டேன். அதைப் பார்த்து யாராவது எனக்கு ஃபோன் செய்வார்கள், கூட்டத்தில் தொலைத்துவிட்டேன் என்று அழுதுகொண்டே போய் அழைத்து வந்துவிடலாம். என் மனத்தின் ஒரு மூலை அப்படிக் கேட்டது. டியெப்பில் அந்தப் பெஞ்சிலிருந்து நான் எழுந்தபோது பட்டை அவர் கையில்தான் இருந்தது.

அப்பா என் கோட்டைப் பிடித்தார். போகாதே என்கிறார் என்று நினைத்தேன். மறுபடி உட்கார்ந்தேன். அவர் இடது கையால் வலது மணிக்கட்டைத் தடவி, பட்டையின் கொக்கியை நெம்பினார். ஒரு கையால் கழற்ற முடியாத கொக்கி. அவர் தெரியாமல் கழற்றிவிடக் கூடாது என்று பார்த்து வாங்கியது. நகம் மடங்கியது. விடாமல் நெம்பினார். முடியவில்லை. பிறகு இடது கையால் வலது கையைத் தூக்கி என் மடியில் வைத்தார். என்னைப் பார்த்தார். பாலத்தின் பக்கம் கண்ணைக் காட்டினார். தாமதமாக ஓடி வருகிறவர்களை ஜன்னலுக்குப் பின்னாலிருந்து முப்பது வருஷம் பார்த்த அதே பார்வை: சீக்கிரம், கப்பல் போய்விடும்.

நான் கழற்றினேன்.

அவர் அதை எடுத்து என் இடது உள்ளங்கையில் வைத்தார். என் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடினார்.

அதற்குப் பிறகுதான் ஓடத் தொடங்கினேன்.