பச்சை சிவப்பான கதை

மட்டாஞ்சேரி படகுத்துறை வரிசையில் எனக்கு முன்னால் அக்காளும் தங்கையும் நின்றார்கள். அக்காள் புடவையில் சுக்கு வாசம். ஜூ டவுன் மசாலாக் கிடங்கில் வேலையாக இருக்கும். தங்கையின் கழுத்தில் ஆய்வுக்கூட அட்டை தொங்கியது.

"உன் போனால என் பச்சை சிவப்பாப் போச்சுக்கா."

"என்னடீ சொல்றே?"

"சூடான எண்ணெயில கெமிக்கலை ஊத்தினா கண்ணுக்கே தெரியாத கிறிஸ்டல் வளரும். இன்னிக்கு எடுக்க வேண்டியது பச்சை, அதனால பச்சையா மின்னும்போதே இறக்கி ஆறவைக்கணும். நீ உண்டாயிருக்கேன்னு சொன்னதும் கத்திக் குதிச்சதுல நான் அடுப்பையே மறந்துட்டேன். கிறிஸ்டல் பெருத்து சிவப்பாயிடுச்சு."

"ஐயோ, சார் ஏசினாரா?"

"ஏசுறதா? இத்தனை நாளா வராம எங்களை அலைக்கழிச்ச சிவப்பே அதுதான்! சார் எல்லாருக்கும் சாயா வாங்கித் தந்தார். நாளைக்கும் ஒண்ணையும் மாத்தாம அப்படியே செய்யணும்னு சொல்லிட்டார்."

"செய்யேன்."

"அப்போ நீயும் போன் பண்ணணும்."

"பண்ணி என்னத்தச் சொல்ல?"

"அதையேதான். நான் அதே அளவு கத்தணும்ல?"

படகு வந்து முட்டியது. அக்காள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ரெட்டைப் பிள்ளைன்னு சொல்லட்டுமா?"

"சொல்லிடாதேக்கா! கிறிஸ்டல் இன்னும் பெருத்துடும்!"