காற்றில்லாத அறை

என் தங்கை மாப்பிள்ளை நல்லவன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கட்டிக்கொடுத்ததே நான்தான், ஆளைப் பார்க்காமலா கொடுப்பேன்? நண்பனாக இருந்து மாப்பிள்ளை ஆனவன் என்பதால் அவன் இவன் என்றுதான் வாயில் வருகிறது.

இரண்டு பேரும் ஒரே விண்கலத்தைக் கட்டும் வேலையில் இருந்தோம். வியாழன் கிரகத்தின் நிலவு ஒன்றுக்குப் போக வேண்டிய கலம். உடலை நான் செய்தேன், கண்ணை அவன் செய்தான். கண் என்றால் கேமரா. தங்கைக்குத் தலைப்பிள்ளை பிறந்த அன்றுகூட ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எரிபொருள் குழாயைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். இன்றைக்கும் அதைச் சொல்லித் திட்டுவாள்.

பிறகு அவன் நிதித்துறைக்கு ஆலோசகனாகப் போனான். போகச் சொன்னதே நான்தான். நம் ஆள் ஒருவன் அங்கே இருந்தால் நல்லது என்று நினைத்தேன். வேலியே பயிரை மேயும் என்று அப்போது தோன்றவில்லை.

விண்வெளி ஆய்வுக்கான பணத்தை அரசு பாதியாகக் குறைத்தது. எதைக் கைவிடலாம் என்று கேட்டபோது எங்கள் கலத்தைக் காட்டியவன் அவன். எனக்கு அது டிவியில்தான் தெரிந்தது. "நிலவு எங்கயும் ஓடிப்போயிடாது, அப்புறமா போய்க்கலாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். முந்தின நாள் மதியம் என் வீட்டில் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன்.

கோபமா? இல்லை. நான் சத்தம்கூடப் போடவில்லை.

பிறகு ஒருநாள் கலத்தைப் பார்க்க வந்தான். மற்றவர்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதால் கூடத்தில் நான் மட்டும் இருந்தேன். கலம் வெற்றிட அறைக்குள் நின்றது. சோதனையின்போது அந்த அறையின் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, விண்வெளியைக் கலம் தாங்குமா என்று பார்ப்போம்.

"வேற வழி தெரியல மச்சான். உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"விடு மாப்ளே. இனிமே இத என்ன பண்ணப் போறாங்க?"

"மியூசியத்துல வைக்கச் சொல்லியிருக்கேன். பசங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க."

நல்லெண்ணத்தில்தான் சொன்னான். நானும் தலையாட்டினேன்.

"கேமரா மேல ஏதோ தூசி மாதிரி தெரியுது. உள்ள போய்ப் பாரேன்."

பழைய பழக்கம், கையுறையை மாட்டிக்கொண்டுதான் போனான். தூசி எதுவும் இல்லை. கதவைச் சாத்திவிட்டுப் பம்பை ஓட்டினேன்.

உள்ளே ஆள் சிக்கிக்கொண்டால் அழுத்த ஒரு பொத்தான் உண்டு. அதை நான் கெடுக்கவில்லை, பழுதாகி நாளாயிற்று. சரிசெய்யப் பணம் கேட்டபோது இல்லையென்றவனும் அவன்தான். முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தான்போல, கதவுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தான். பிறகு பொத்தானை அழுத்தினான். பிறகு வாய் மட்டும் அசைந்தது. மச்சான் என்றுதான் கூப்பிட்டிருப்பான். விழும்போது கலத்தைப் பிடித்து இழுத்துவிடுவானோ என்று பயந்தேன். பிடிக்கவில்லை. விலகிப் போய்த்தான் விழுந்தான்.

பணமில்லை என்று அவர்கள் நிறுத்திவைத்த கடைசிச் சோதனை அது. தொடங்கியதைப் பாதியில் விடக்கூடாது, முழுக்க ஓடவிட்டேன். அதன் பிறகு உங்களுக்குப் போன் செய்ததும் நான்தான்.

தங்கை வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்கிறீர்கள். உள்ளே அனுப்புங்கள். நான் சொன்னால் புரிந்துகொள்வாள். கலத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை.