மக்கள் தரப்பு உறுப்பினர்

– கத்தாதீங்க ஐயா. உட்கார்ந்து பேசலாம்.

– உட்காரவா வந்தேன்? கீழ வராண்டாவுல என் மக சுருண்டு கிடக்கா. டயாலிசிஸ் ரூம் நர்ஸு கதவை ஒரு சாண் திறந்து, ‘உங்க முறை ரத்தாயிடுச்சு’ன்னு சொல்லிட்டு அவ மூஞ்சியிலேயே சாத்திட்டா. துறைத் தலைவர்னு வாசல்ல பித்தளையில பேர் போட்டிருக்கீங்களே டாக்டரம்மா, சொல்லுங்க. யாரு ரத்து பண்ணினது?

– ஒரு நிமிஷம். உங்களுக்கு மக இருக்கா? இங்க சிகிச்சை எடுக்கிறாங்களா?

– ஒன்றரை வருசமா எடுக்கிறா. புருசன் பேர்ல பதிஞ்சிருக்கும்.

– ஏன் என்கிட்ட சொல்லல? சமத்துவக் குழுவுல பொதுமக்கள் சார்பா இருக்கிறவர் நீங்க. சொந்தக்காரங்க இருந்தா முதல்லயே எழுதிக் குடுக்கணும்.

– எழுதிக் குடுத்தா என்ன சொல்லுவீங்க? கிழவன் மகளுக்கு எடம் பிடிக்கத்தான் குழுவுக்கு வந்தான்னு சொல்லுவீங்க. எனக்கு அந்தப் பேச்சு வேணாம். மார்க்கெட்டுல நாப்பது வருசம் மூட்டை தூக்கினவன், ஒருத்தன்கிட்ட ஒண்ணு கேட்டதில்ல.

– சரி. அவங்க முறை ஏன் போச்சுன்னு தெரியுமா?

– மூணு நாள் வரலையாம். நாலாவது மாடியில குடியிருக்கோம்மா. லிஃப்டு போன வருசமே செத்துப் போச்சு. நான்தான் அவளை முதுகுல தூக்கிட்டு இறங்குறேன். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். ஒரு நாள் படியில சறுக்கி முட்டி பேந்துடுச்சு. மூணாவது நாள் எது தெரியுமா? விருது வாங்கினதுக்குக் குழுவோட போட்டோ எடுக்கணும், ஒன்பது மணிக்கு வந்துடுங்கன்னு நீங்க ஆள் அனுப்பின நாள். நான் இங்க உங்க பக்கத்துல நின்னு பல்லைக் காட்டிக்கிட்டு இருந்தேன். அவ மாடியில கிடந்தா.

– எனக்கு வருத்தமா இருக்கு.

– வருத்தத்த வச்சு ரத்தத்தக் கழுவ முடியுமா? யாரு ரத்து பண்ணினதுன்னு கேட்டேன்.

– ஐயா, ஆறு மெஷின். இருபத்துநாலு பேருக்கு இடம். வெளிய அறுபது பேர் காத்திருக்காங்க. மாசா மாசம் யாரை நிறுத்தணும்னு எப்படி முடிவாகுதுன்னு உங்களைவிடத் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க?

– பேச்சை மாத்தாதீங்க.

– மாத்தல. போன செவ்வாய்க்கிழமை இதே அறை, இதே நாற்காலி. உங்க முன்னாடி ஒரு தாள் வச்சோம். பதினாலாம் நம்பருக்கு நேரா மூணு நாள் வரலன்னு இருந்தது. நீங்க கோடு போட்டுக் கையெழுத்து வச்சீங்க.

– பதினாலா அவ?

– ஆமா.

– நம்பர மட்டும் நீட்டி என்னைக் கோடு போட வச்சிட்டீங்களேம்மா! பேர் இருந்திருந்தா என் கை போயிருக்குமா? படிச்சவங்க புத்தியே புத்தி. கழுத்தை அறுக்கிறது நீங்க, கத்தியில ரேகை மட்டும் எங்களது.

– பேரை எடுக்கச் சொன்னது யாரு? முதல் கூட்டத்துல மேசையைத் தட்டினீங்களே. ‘பேர் இருந்தா உங்க சாதிசனத்தைக் காப்பாத்துவீங்க, எவனாவது பெரிய மனுசன் போன் பண்ணுவான், வெறும் நம்பர் போடு’ன்னு கத்தினீங்க. நாங்க பயந்துபோய் ஒத்துக்கிட்டோம். அந்த நம்பர் முறைக்குத்தான் விருதே குடுத்தாங்க.

– அது நியாயத்துக்குச் சொன்னது.

– நியாயம்தான். அதுக்கு முன்னாடி போன் பண்ணினவனுக்கு மெஷின் கிடைச்சுது. அதை நிறுத்தினது நீங்கதான். ஆனா தாள்ல கோட்டுக்குப் பக்கத்துல இன்னொரு கட்டம் இருக்கே, பாத்திருக்கீங்களா? ‘மன்னிக்கலாம்’னு. மாசத்துக்கு ஒருத்தரை மன்னிக்கிற உரிமை உங்களுக்கு மட்டும்தான். எனக்குக்கூடக் கிடையாது. ரெண்டு வருசத்துல ஒரு டிக் போட்டதில்ல நீங்க.

– மன்னிச்சா, அவன் யாரோ உங்களுக்கு வேண்டப்பட்டவனா இருப்பான்னு நினைச்சேன்.

– பதினோரு பேரை வெட்டியிருக்கீங்க.

– அவங்கெல்லாம் வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாங்க.

– நாலு பேர் செத்துட்டாங்க.

– நாலு பேரா? எவளும் எவனும் எங்கிட்ட சொல்லலியே!

– நீங்க கேக்கல.

– நீங்க சொல்லல! அதுவும் சேத்து சொல்லுங்க!

– சரி, நாங்களும் சொல்லல. இப்ப உங்க மக விசயத்துக்கு வருவோம். அவசரப் பிரிவுல இன்னிக்கு ஒரு தடவை போட்டுடச் சொல்றேன். ரெண்டு நாள் தாங்கும்.

– அதுக்கப்புறம்?

– தாளோட பின்பக்கத்துல ஒரு விதி இருக்கு. நிறுத்தப்பட்டவங்க ஏழு நாளுக்குள்ள முறையிட்டா, அந்த ஏழு நாளுக்குள்ள காலியாகுற இடம் அவங்களுக்குத்தான். காத்திருக்கிற அறுபது பேரையும் தாண்டி.

– அப்ப அந்த மத்த பத்து பேரு ஏன் முறையிடல?

– அவங்களுக்கு யாரும் படிச்சுக் காட்டல. நீங்க கையெழுத்து வச்சதுலேர்ந்து உங்க மகளுக்கு இன்னிக்கு ஆறாவது நாள். நாளைக்குள்ள ஒரு இடம் காலியாகணும்.

– எப்படிக் காலியாகும்?

– அடுத்த மாசப் பட்டியல் இப்பவே தயாரா இருக்கு. இதோ. மூணு நாள் தவறினது ஒரே ஒரு ஆள். பதினேழு.

– அந்த ஆளை மன்னிச்சுட்டா?

– அந்த ஆள் பொழைச்சுக்கும். உங்க மகளுக்கு எப்ப இடம் வரும்னு எனக்குத் தெரியாது.

– உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்காம்மா?

– இருந்தது. அதனாலதான் இந்த வேலைய ஒரு குழுகிட்ட குடுத்தேன். மகளுக்கு இடம் கிடைச்சதும் நீங்க குழுவுலேர்ந்து விலகிக்கலாம், நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா இது மட்டும் உங்க கையாலதான் நடக்கணும். நீங்க கேட்டீங்களே, பேர் இருந்திருந்தா கை போயிருக்குமான்னு. பதினேழோட ஃபைல் இங்கதான் இருக்கு. என்ன பேரு, எத்தனை பிள்ளைங்க, அந்த மூணு நாளும் ஏன் வரலன்னு எழுதியிருக்கு. படிக்கவா?

– வேணாம். மூடி வைங்க அதை. பதினேழு எங்க இருக்கு, விரலை வச்சுக் காட்டுங்க. கண்ணாடி எடுத்துட்டு வரல.