மைத்துனன் பூட்டிய லிஃப்ட்

இரண்டு மாடி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும் சார். ஆகவே லிஃப்ட் பாதுகாப்புச் சட்டத்தை நான் மனப்பூர்வமாகத்தான் கொண்டுவந்தேன். அவையில் எதிர்ப்பே இல்லை. தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட விழித்து மேசையைத் தட்டினார்கள். எதற்குத் தட்டினோம் என்று பிறகு என்னிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

சட்டம் போட்டால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. நகரம் முழுவதற்கும் ஒரே ஆய்வாளர். அந்த வேலையை என் மனைவியின் தம்பிக்கு வாங்கிக் கொடுத்தேன். லிஃப்ட் என்றாலே அவனுக்குக் கைகால் உதறும். லிஃப்ட் பக்கமே போகாத ஆய்வாளரால் யாருக்கும் தொந்தரவில்லை. கட்டட முதலாளிகள் என்னை வாயார வாழ்த்தினார்கள். பாம்பும் சாகவில்லை, கம்பும் முறியவில்லை.

அவனுக்குத் திடீரென்று பொறுப்பு வந்ததுதான் வினை. பெரிய ஜவுளிக்கடையின் லிஃப்ட்மேன் அவனிடம் போய் அழுதிருக்கிறான். இவன் படியேறி உச்சிக்குப் போய், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, லிஃப்டைப் பூட்டிச் சாவியோடு நேரே என் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, கம்பிவடம் பிரிஞ்சு தொங்குது. எப்ப வேணும்னாலும் அறுந்துடும்."

"முதல்ல சாப்பிட வாடா," என்றாள் அவன் அக்கா.

அதற்குள் கடை முதலாளி போனில் கெஞ்சிவிட்டார். தள்ளுபடி விற்பனை நேரம், பாவம். மைத்துனன் வியர்த்த சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் கைகழுவப் போனான். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் மாலை வடம் அறுந்தது. ஏழு பேர். அந்த லிஃப்ட்மேனும் உள்ளேதான் இருந்தான்.

மைத்துனன், "நான் பூட்டிட்டுத்தான் வந்தேன்" என்றான். சாவி எங்கே என்று கேட்டார்கள். சட்டைப்பையைத் தடவிப் பார்த்தான். என் சட்டப்படி பொறுப்பு ஆய்வாளருடையது, உள்ளே தள்ளினார்கள்.

"ஏங்க, அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க," என்று என் மனைவி அழுதாள்.

சட்டம் தன் கடமையைச் செய்யும் என்று அவளைத் தேற்றினேன். அடுத்த கூட்டத்தொடரிலேயே, கடமை தவறும் ஆய்வாளருக்கு ஆயுள் தண்டனை என்று இன்னொரு சட்டமும் கொண்டுவந்தேன். அதற்கும் மேசை அதிர்ந்தது.

டிரைவர் தூக்கம் வராமல் உங்களிடம் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்கிறீர்கள். சரி, எழுதிக்கொள்ளுங்கள். சாவியை எடுத்தது நான்தான். அந்த ஏழு பேரும் என்னால்தான் செத்தார்கள். மைத்துனன் மேல் தப்பில்லை.

ஆனால் சட்டத்தை நிறைவேற்றாதவன் என்று மட்டும் என்னைச் சொல்லிவிடாதீர்கள் சார். இரண்டையும் நிறைவேற்றியவனே நான்தான்.